கடைசிப் பக்கத்தில் எழுந்து நடக்க வேண்டுமா?

1990. எங்கள் பள்ளி ஆண்டு விழா. ஐந்தாம் வகுப்பு சார்பாக மகாபாரத நாடகம். ஏன் மகாபாரதம்? ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தூர்தர்ஷனில் பி.ஆர்.சோப்ராவின் 'மகாபாரத்' ஓடிக்கொண்டிருந்த காலம் அது. வசனம் ஒரு வரி புரியாது. ஆனாலும் டி.வி. இருக்கிற வீட்டில் தெருவே கூடிவிடும். அதில் வரும் சகுனி மாமா ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார். ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். பாய்ச்சிகையை உருட்டுவார். மறக்கவே முடியாத வில்லன்.

யார் யாருக்கு என்ன வேஷம் என்று டீச்சர் பட்டியல் போட்டார். சகுனிக்கு ஆள் தேடவே இல்லை. என் பக்கத்தில் உட்காரும் நண்பனைக் கை காட்டினார். அவனுக்கு இடது காலில் போலியோ. இரும்புப் பட்டை வைத்த கேலிப்பர் பூட்ஸ் போட்டிருப்பான். நடந்தால் 'டக்... டக்...' என்று சத்தம் வரும். "உனக்குத்தான்டா இயற்கையாவே பொருந்துது" என்றார் டீச்சர். அவர் கெட்டவர் இல்லை. பாராட்டாகத்தான் சொன்னார்.

நண்பன் பிரமாதமாக நடித்தான். கைதட்டல் அள்ளியது. அதன் பிறகு எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கிற வரைக்கும் பள்ளியில் அவன் பெயர் 'சகுனி'தான்.

இதில் ஒரு விஷயம் பாருங்கள். சகுனியின் கால் ஊனம் வியாசர் எழுதியது அல்ல. வழிவழியாகச் சொன்னவர்கள் ஒட்டவைத்தது. ஏன் ஒட்டினார்கள்? சூழ்ச்சிக்காரன் நேராக நடந்தால் ஜனங்களுக்குத் திருப்தி இல்லை. ராமாயணத்தைக் கவிழ்க்கக் கூனி. 'புதையல் தீவு' நாவலில் வஞ்சகக் கடல் கொள்ளையன் லாங் ஜான் சில்வருக்கு ஒரு கால் கிடையாது. 1904-ல் லண்டனில் மேடையேறிய 'பீட்டர் பேன்' நாடகத்தின் வில்லனுக்குக் கை இருக்க வேண்டிய இடத்தில் கொக்கி. பெயரே கேப்டன் ஹூக்!

பேச்சிலும் அப்படித்தானே. 'நொண்டிச் சாக்கு' என்கிறோம். 'குருட்டு அதிர்ஷ்டம்' என்கிறோம். 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்கிறோம். யாரையும் திட்டுவதாக நாம் நினைப்பதில்லை. நினைக்காமல் சொல்வதுதான் சிக்கல்.

சரி, குழந்தைகளின் படப் புத்தகத்துக்கு வருவோம். அங்கே ஒரு கால் இழுத்து நடக்கிற பிள்ளை எப்போது வந்தது? வில்லனாக இல்லாமல், பரிதாபமாக இல்லாமல், பூனை வளர்க்கிற, ஐஸ்க்ரீம் கேட்டு அடம் பிடிக்கிற சாதாரணப் பிள்ளையாக எப்போது வந்தது? அது நீண்ட கதை. முந்நூறு வருஷத்துக்கும் மேல் இழுக்கும்.

*

குழந்தைகளுக்கென்றே செய்த முதல் படப் புத்தகம் என்று பொதுவாக ஒன்றைச் சொல்வார்கள். 1658-ல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் அச்சானது. பெயர் 'ஆர்பிஸ் பிக்டஸ்', அதாவது படங்களில் உலகம். எழுதியவர் கொமேனியஸ். இன்றைய செக் நாட்டின் மொராவியா பகுதிக்காரர். பையன்களை அடித்துத்தான் லத்தீன் சொல்லித்தர வேண்டுமா, படம் காட்டிச் சொல்லித்தரலாமே என்று யோசித்த புண்ணியவான். வானம், தீ, பறவை, தச்சுப் பட்டறை, சமையல் கட்டு என்று சுமார் 150 பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம்.

மனித உடம்பைச் சொல்லும் பாடங்களை ஒட்டியே ஒரு பாடம் வருகிறது. அங்கஹீனர்களும் விநோதப் பிறவிகளும் என்பது அதன் தலைப்பின் பொருள். ராட்சதன், குள்ளன், இரட்டைத் தலையன் என்று பட்டியல் ஆரம்பிக்கிறது. அதே மூச்சில் கூன் முதுகு, கோணல் கால், பெரிய மூக்கு, முட்டைக் கண் எல்லாம் வருகிறது. கடைசியாக யார் தெரியுமா? வழுக்கைத் தலையர்கள்! கண்ணாடியில் என் தலையைப் பார்த்துவிட்டு இந்த வரியை எழுதுகிறேன். கொமேனியஸ் கணக்குப்படி நானும் விநோதப் பிறவிதான்.

சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் கவனியுங்கள். முதல் படப் புத்தகத்திலேயே மாற்றுத்திறனாளிக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது. பிள்ளைகளின் வரிசையில் அல்ல. ராட்சதர்களின் வரிசையில்.

பிறகு வந்த தேவதைக் கதைகளில் உடல் ஊனம் என்பது சம்பளப் பட்டுவாடா மாதிரி. க்ரிம் சகோதரர்களின் சிண்ட்ரெல்லா கதை முடிவில் புறாக்கள் வந்து அக்காமார்களின் கண்களைக் கொத்திவிடும். கெட்டவர்களுக்குக் கண் போகும். அதே சகோதரர்களின் ரப்புன்ஸல் கதையில், பார்வை இழந்த இளவரசனுக்கு நாயகியின் கண்ணீர் பட்டுப் பார்வை திரும்பும். நல்லவர்களுக்குக் கண் வரும். பார்வை இல்லாமலேயே கல்யாணம் செய்துகொண்டு சந்தோஷமாக வாழ்ந்தார்கள் என்று ஒரு கதை? ம்ஹூம்.

நான் பி.காம். படித்தவன். எந்தக் கணக்கு வந்தாலும் முதலில் கடைசி வரியைத்தான் பார்ப்பேன். லாபமா, நஷ்டமா? இந்தப் புத்தகங்களையும் அப்படியே பார்க்கப் போகிறேன். கடைசிப் பக்கத்தில் அந்தப் பிள்ளை என்ன ஆகிறது?

ஸ்விட்சர்லாந்து எழுத்தாளர் யோஹன்னா ஸ்பைரியின் 'ஹெய்டி' 1880, 1881 ஆண்டுகளில் இரண்டு பாகமாக வந்தது. ஃப்ராங்க்ஃபர்ட் பணக்காரர் மகள் கிளாரா, சக்கர நாற்காலியில் இருப்பவள். ஆல்ப்ஸ் மலைக்கு வருகிறாள். பொறாமை பிடித்த ஆடு மேய்க்கும் பையன் அவளுடைய நாற்காலியை மலையிலிருந்து உருட்டி உடைத்துவிடுகிறான். கெட்டது குடி என்று நாம் பதறினால், நடப்பதே வேறு. நாற்காலி இல்லாததால் கிளாரா எழுந்து நடக்கிறாள்! மலைக் காற்று, ஆட்டுப் பால், எல்லாம் சுபம்.

1911-ல் வந்த ஃப்ரான்சிஸ் ஹாட்ஜ்ஸன் பர்னெட்டின் 'ரகசியத் தோட்டம்' கதையிலும் இதேதான். படுக்கையை விட்டு எழ மறுக்கும் காலின் என்ற பையன், தோட்டத்துக்கு வந்து எழுந்து நடக்கிறான். நடந்தது மட்டுமில்லை, முடிவில் ஓடுகிறான்.

இரண்டும் அருமையான கதைகள். நானும் கண்ணீரோடு படித்தவன்தான். ஆனால் கேலிப்பர் போட்ட ஒரு பத்து வயதுப் பையன் படிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு என்ன கிடைக்கிறது? நல்ல காற்றும் நல்ல நண்பர்களும் நம்பிக்கையும் இருந்தால் கால் வந்துவிடும். உனக்கு வரவில்லையா? அப்படியானால் உன்னிடம்தான் ஏதோ குறை. அந்தப் பையன் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டான். புத்தகத்தை மூடி வைத்துவிடுவான்.

*

இந்தக் கணக்கை முதலில் மாற்றி எழுதியது ஒரு காளை மாடு. விளையாட்டு இல்லை, நிஜம்.

1936-ல் அமெரிக்காவில் மன்ரோ லீஃப் எழுதி ராபர்ட் லாஸன் படம் வரைந்த 'ஃபெர்டினாண்ட்' கதை. ஸ்பெயின் நாட்டுக் காளை. மற்ற கன்றுகள் முட்டி மோதி விளையாடும்போது இது மட்டும் மர நிழலில் உட்கார்ந்து பூ வாசனை பிடிக்கும். அம்மா பசு வந்து விசாரிக்கிறது, தனியாக இருக்கிறாயே, ஏக்கமாக இல்லையா என்று. இல்லை என்று தெரிந்ததும் அதன் போக்கில் விட்டுவிடுகிறது. பிறகு ஒரு குழப்பத்தில் மாட்ரிட் சண்டை அரங்கத்துக்கு இழுத்துப் போகிறார்கள். அங்கேயும் உட்கார்ந்து, பெண்களின் தலையில் இருந்த பூக்களை மோப்பம் பிடிக்கிறது. வேறு வழியில்லாமல் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

கடைசிப் பக்கத்தில்? அதே மரம். அதே நிழல். அதே ஃபெர்டினாண்ட். யாரும் அதைத் திருத்தவில்லை. அதுவும் திருந்தவில்லை.

புத்தகம் வந்த வருஷம்தான் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. சண்டை போடாத காளையை ஃப்ராங்கோ ஆட்கள் சும்மா விடுவார்களா? தடை விதித்தார்கள். ஹிட்லரின் ஜெர்மனியில் எரித்தார்கள். அன்று எல்லோரும் அதை அரசியல் கதையாகத்தான் படித்தார்கள். பல வருஷம் கழித்து ஆட்டிசம் உள்ளவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் அதே புத்தகத்தைக் கையில் எடுத்து, 'அட, இது நம்ம கதையாச்சே' என்றார்கள். கூட்டம் பிடிக்காது, வாசனை பிடிக்கும், ஒரே இடம் பிடிக்கும். அதை ஒரு நோயாகப் பார்க்காத அம்மா.

ஆனால் காளை காளைதான். மனிதப் பிள்ளை எப்போது வந்தது?

அதற்கு ஒரு சட்டம் வர வேண்டியிருந்தது. 1975 நவம்பர் 29. அமெரிக்க ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டு ஒரு கல்விச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஊனமுற்ற பிள்ளைகள் எல்லோருக்கும் அரசு செலவில் படிப்பு என்றது சட்டம். அதுவரை? சுமார் 10 லட்சம் பிள்ளைகள் அரசுப் பள்ளிப் பக்கமே வர முடியாமல் இருந்தார்கள். இதை அந்தச் சட்டமே தன் முகப்பில் ஒப்புக்கொள்கிறது. நிலாவில் மனிதன் கால் வைத்து ஆறு வருஷம் கழித்து நிலவரம் இது!

வகுப்புக்குள் சக்கர நாற்காலி வந்தது. பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகளுக்கு நூறு கேள்வி. இவன் ஏன் நடக்கவில்லை? இவள் காதில் என்ன பொத்தான்? டீச்சர்களுக்குப் பதில் சொல்லப் புத்தகம் வேண்டும். பதிப்பாளர்கள் விழித்துக்கொண்டார்கள். எழுபதுகளில் இத்தகைய படப் புத்தகங்கள் வரிசையாக வந்ததற்குப் பின்னால் இருந்தது இந்தத் தேவைதான்.

பெரும்பாலும் விளக்கவுரைப் புத்தகங்கள். இது இன்ன குறைபாடு, இவர்களிடம் அன்பாக இருக்க வேண்டும் என்கிற ரகம். படிப்பவன் எப்போதும் பக்கத்து பெஞ்சுக்காரன். கதையில் இருப்பவன் பாடம்.

அந்தக் கூட்டத்திலும் ஒரு நல்ல புத்தகம் உண்டு. அதே 1975-ல் ஜோன் ஃபாஸ்லர் எழுதி ஜோ லாஸ்கர் படம் வரைந்த 'ஹோவி'யின் கதை. ஹோவிக்கு மூளை முடக்குவாதம். அவனுடைய ஆசை நடப்பது அல்ல. யாரும் தள்ளாமல் தன் சக்கர நாற்காலியைத் தானே ஓட்ட வேண்டும். முயற்சி செய்கிறான், கோணலாகப் போகிறது, மறுபடி முயற்சி செய்கிறான். முடிவில் அறையின் அந்தக் கோடியில் நிற்கும் அப்பாவிடம் தானே ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்கிறான்.

கிளாராவின் நாற்காலி மலையில் உடைந்து 94 வருஷம். ஒருவழியாக ஒரு பிள்ளை நாற்காலியோடு கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தான்.

*

1981-ஐ ஊனமுற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியது. அந்த வருஷம் யுனெஸ்கோவுக்காக ஓர் ஆய்வு எழுதினார் நார்வே நாட்டுப் பெண்மணி டோர்டிஸ் ஓர்யாசேட்டர். இலக்கிய விமர்சகர். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள ஒரு மகனின் தாய். இந்தப் பிள்ளைகள் சாதாரண வாழ்க்கையில் கலக்கப் புத்தகங்கள் என்ன செய்ய முடியும் என்பது ஆய்வின் கேள்வி.

அவருடைய முயற்சியின் தொடர்ச்சியாக 1985-ல் நார்வேயில் ஒரு சேகரிப்பு மையம் தொடங்கியது. குழந்தைப் புத்தகங்களுக்கான சர்வதேச அமைப்பான 'இபி'யின் கிளை. உலகம் பூராவிலிருந்தும் புத்தகம் வரவழைத்தார்கள். பிரெயில் புத்தகம், சைகை மொழிப் புத்தகம், துணியில் தைத்த புத்தகம், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் கதாபாத்திரமாக வரும் புத்தகம். 2014-ல் அந்தச் சேகரிப்பு கனடாவின் டொரன்டோ பொது நூலகத்துக்குப் போனது.

நார்வேயில் அலமாரி தயாரான அதே 1985. ஜப்பானில் ஒரு புத்தகம் வெளிவந்தது. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்தப் புத்தகத்தால்தான்.

'சாச்சானின் மந்திரக் கை' என்பது அதன் பெயர். படம் வரைந்தவர் தபாதா செய்ச்சி. ஜப்பான் குழந்தைகளுக்கு நன்றாகப் பழக்கமான ஓவியர். அட்டையில் அவர் பெயரோடு ஒரு சங்கத்தின் பெயரும் இருக்கிறது. பிறவியிலேயே கை, கால் குறைபாடுள்ள குழந்தைகளைப் பெற்றவர்களின் சங்கம். பெற்றவர்களும் ஓவியரும் சேர்ந்து உருவாக்கிய கதை.

சாச்சான் மழலையர் பள்ளிக்குப் போகும் சிறுமி. வலது கையில் விரல்கள் இல்லை. பிள்ளைகள் 'அப்பா அம்மா விளையாட்டு' ஆடுகிறார்கள். எப்போதும் வேறு ஏதாவது வேஷமே கிடைக்கிற சாச்சான், இன்று நான்தான் அம்மா என்கிறாள். ஒரு தோழி மறுக்கிறாள். கை இல்லாத அம்மா எங்கேயாவது உண்டா என்கிறாள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஏனென்றால் 1990 ஆண்டு விழாக் கதையில் ஒரு பாதியை உங்களிடம் சொல்லவில்லை. டீச்சர் சகுனி என்று சொன்னதும் என் நண்பன் எழுந்து, "மிஸ், நான் கிருஷ்ணர் மிஸ்" என்றான். வீட்டில் மயிலிறகு வைத்திருப்பதாகவும் சொன்னான். டீச்சர் பதில் சொல்வதற்குள் ஒரு குரல் வந்தது. "கிருஷ்ணர் எப்படிடா நொண்டுவாரு?" வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். அவன் உட்கார்ந்துவிட்டான்.

அந்தக் குரல் என்னுடையது.

சரி, சாச்சான் கதைக்கு வருவோம். வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் கேட்கிறாள். எனக்கு மட்டும் ஏன் விரல் இல்லை? பெரிய பள்ளிக்கூடம் போகும்போது முளைத்துவிடுமா? நம் ஊர் அம்மாவாக இருந்தால் என்ன சொல்வாள்? 'முளைச்சிடும்டி கண்ணு, சாமிக்கு வேண்டிக்கிட்டிருக்கேன்.' பாசத்தில் சொல்கிற பொய். ஆனால் சாச்சானின் அம்மா சொல்வது: முளைக்காது. எப்போதும் இப்படியேதான் இருக்கும். ஆனாலும் இது உன்னுடைய அருமையான கை.

குழந்தைப் புத்தகத்தில் இப்படி ஒரு பதிலை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்! வெளியாள் எழுதியிருந்தால் கொடூரம் என்பார்கள். எழுதியவர்களோ, அந்தக் கேள்வியைத் தங்கள் வீட்டில் கேட்டவர்கள்.

சாச்சான் அழுகிறாள், கோபப்படுகிறாள். உடனே சமாதானம் ஆகிவிடுவதில்லை. அப்பாவோடு கை கோத்து நடக்கும்போது, நானும் அம்மா ஆக முடியுமா என்று கேட்கிறாள். ஆகலாம் என்கிறார் அப்பா. உன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் எனக்கு ஏதோ பலம் வருகிறது, இது மந்திரக் கை என்கிறார். சாச்சான் மறுபடி பள்ளிக்குப் போகிறாள். விரல் முளைக்கவில்லை. ஏறி விளையாடும் கம்பிகளில் ஏறுகிறாள். கதை முடிந்தது.

*

அதன் பிறகு கடைசிப் பக்கங்கள் ஒவ்வொன்றாக மாற ஆரம்பித்தன.

1998-ல் அமெரிக்காவில் 'இயனின் நடை' என்று ஒரு புத்தகம். இயனுக்கு ஆட்டிசம். பூங்காவுக்குக் கூட்டிப் போகும் அக்காவுக்கு அவன் செய்வதெல்லாம் எரிச்சல். ஒரு நிமிஷம் கண் அசர, தம்பியைக் காணோம். பதறித் தேடுகிறாள். அவன் எங்கே போயிருப்பான் என்று கண்டுபிடிக்க அவனை மாதிரியே யோசிக்க வேண்டியிருக்கிறது. கிடைத்ததும், திரும்பும் வழியில் அவன் இஷ்டத்துக்கு நின்று நின்று வர விடுகிறாள். கடைசிப் பக்கத்தில் மாறியிருப்பது தம்பி அல்ல, அக்கா.

அதே 1998-ல் பட்ரீஷியா போலாக்கோ தன் சொந்தக் கதையை வெளியிட்டார். எழுத்துகள் நெளிகின்றன, படிக்க வரவில்லை, வகுப்பில் 'மக்கு' என்று கிண்டல். டிஸ்லெக்ஸியா என்று யாருக்கும் தெரியாது. ஒரு வாத்தியார் கண்டுபிடித்து உட்காரவைத்துச் சொல்லித்தருகிறார். 'தாரே ஜமீன் பர்' படம் பார்த்தவர்களுக்குத் தொண்டை அடைக்கும். படம் வந்தது 2007-ல்தான்.

1999-ல் இங்கிலாந்திலிருந்து 'சூசன் சிரிக்கிறாள்'. ஜீன் வில்லிஸ் எழுத்து, டோனி ராஸ் படம். சூசன் சிரிக்கிறாள், பாடுகிறாள், நீந்துகிறாள், குறும்பு செய்கிறாள், திட்டு வாங்குகிறாள். பக்கம் பக்கமாக இதுதான். கடைசிப் பக்கத்தில் மட்டும் அவள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைக் காட்டுவார்கள். அவ்வளவு நேரம் அவளோடு ஆடிய வாசகன் இனிமேல் பரிதாபப்பட முடியாது. காலம் கடந்துவிட்டது!

2006-ல் மெக்ஸிகோவில் வெளிவந்தது 'நிறங்களின் கறுப்புப் புத்தகம்'. வெனிசுவேலாவின் மெனெனா கோட்டின் எழுத, ரோசானா ஃபரியா வரைந்தது. எல்லாப் பக்கமும் கறுப்பு. படங்களும் கறுப்புதான், ஆனால் மேடாக இருக்கும், தடவித்தான் பார்க்க வேண்டும். பார்வையில்லாத ஒரு பையன் நிறங்களை ருசியாலும் வாசனையாலும் விவரிக்கிறான். கூடவே பிரெயில். முதன்முறையாகப் புத்தகத்துக்கு முன் தடுமாறி நிற்பது கண் தெரிந்த பிள்ளை!

இன்னொரு மாற்றமும் நடந்தது. முதலில் இந்தக் கதைகளை அதிகம் எழுதியது நல்லெண்ணக்காரர்கள். பிறகு பெற்றோர்கள். அதற்கும் பிறகு, அந்தப் பிள்ளைகளே வளர்ந்து பேனாவைக் கையில் எடுத்தார்கள். நான்கு வயதில் மூளைக் காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்த சிசே பெல், 2014-ல் 'எல் டெஃபோ' என்ற சித்திரக் கதையை வெளியிட்டார். மார்பில் கட்டிய பெரிய ஹியரிங் எய்டோடு பள்ளிக்குப் போன தன் கதை. எல்லோரையும் முயல்களாக வரைந்திருந்தார். முயலுக்குக் காதுதானே முக்கியம்! அதில் நாயகி முயலுக்குக் காது கேட்காது. அடுத்த வருஷம் அமெரிக்காவின் நியூபெரி கௌரவப் பட்டியலில் இடம் பிடித்தது புத்தகம். 2020-ல் திக்குவாய் உள்ள கனடாக் கவிஞர் ஜோர்டன் ஸ்காட், தன்னை அப்பா ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போன நாளைப் படப் புத்தகம் ஆக்கினார். முடிவில் அவருக்குத் திக்கு சரியாகிவிடவில்லை. திக்கித் திக்கியே வகுப்பில் ஆற்றைப் பற்றிப் பேசுகிறார்.

*

நம் பக்கம்? தூரம் போக வேண்டாம், சென்னையிலேயே இருக்கிறது. 1996-ல் ஆரம்பித்த தூலிகா பதிப்பகம் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் படப் புத்தகம் போடுகிறது. 2013-ல் அவர்கள் வெளியிட்ட ஒரு கதையில் நாயகி டிப் டிப். குறும்புக்காரி. தோழியின் பூனை காணாமல் போகிறது. பூனையின் பெயர் காப்பி! டிப் டிப் தேடிக் கிளம்புகிறாள். தரிணி விஸ்வநாத் எழுத்து, நான்சி ராஜ் ஓவியம். படத்தைப் பார்த்தால் டிப் டிப் சக்கர நாற்காலியில் போவது தெரியும். கதை அதை விளக்கிக்கொண்டு நிற்காது. பூனை தப்பிக்கிறதே, அதற்கு எங்கே நேரம்?

2015-ல் ஜாய் விட்டேகர் எழுதிய 'கண்ணா பன்னா'. சித்தி, சித்தப்பாவோடு குகைக் கோயில் பார்க்கப் போகிறான் கண்ணா. திடீரென்று விளக்கு அணைந்துவிடுகிறது. எல்லோரும் அலறுகிறார்கள். கண்ணாவுக்கு மட்டும் பயமில்லை. அவனுக்கு அது எப்போதும் உள்ள இருட்டு. வழி காட்டி வெளியே கூட்டி வருகிறான்.

சுஜாதா பத்மநாபனின் கதையில் லடாக் சிறுமி சுஸ்கித்துக்குச் சக்கர நாற்காலி இருக்கிறது. பள்ளிக்குப் போகப் பாதை இல்லை. மேடு, பள்ளம், நடுவில் ஓடை. பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து பாதையைச் சமன் செய்கிறார்கள். ஹெய்டி கதையில் மலை அப்படியே இருந்தது, சிறுமி மாறினாள். இங்கே சிறுமி அப்படியே இருக்கிறாள், மலை மாறுகிறது.

'அதெல்லாம் சரி, எத்தனை பிள்ளைகளுக்காக இவ்வளவு?' என்று கேட்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 130 கோடிப் பேர். ஆறு பேரில் ஒருவர். நம் நாட்டுச் சட்டம் 1995-ல் ஏழு வகைக் குறைபாடுகளைச் சொன்னது. 2016-ல் அதை 21 வகையாக்கி, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. புத்தகக் கடையில் இருக்கிற ஒரு அலமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறில் ஒரு புத்தகத்திலாவது அந்தப் பிள்ளை இருக்கிறதா? பெரிய பெரிய கடைகளிலும் எண்ணிப் பார்த்துவிட்டேன். வேண்டாம், அந்தக் கணக்கைச் சொன்னால் எனக்கே அவமானம்.

'போலியோதான் ஒழிந்துவிட்டதே' என்றும் சிலர் சொல்வார்கள். உண்மை. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் வந்த கேஸ்தான் கடைசி. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழும் கிடைத்தது. ஆனால் போலியோ வந்த பிள்ளைகள் ஒழிந்துவிடவில்லை. இன்று அவர்களுக்கு நாற்பது, ஐம்பது வயது.

அவர்களில் ஒருவனைப் பார்க்கத்தான் போன மாதம் போனேன்.

என் நண்பன் இப்போது ஆடிட்டர். பெரிய ஆள். பக்கவாட்டுச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் ஊரையே சுற்றுகிறான். அவன் மகளுக்கு ஆறு வயது. டிப் டிப் புத்தகத்தை அவளுக்கு வாங்கிப் போனேன். அவள் பிரிப்பதற்குள் இவன் பிடுங்கி நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனான். ஆடிட்டர் புத்தி! பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மகளிடம் கொடுத்தான். அவள் தரையில் படுத்துக்கொண்டு படித்தாள். சக்கர நாற்காலியைப் பற்றி அவள் ஏதாவது கேட்பாள், உருக்கமாக ஒரு பதில் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்பா, நாமளும் பூனை வளர்க்கலாமா?"

காபி வந்தது. முப்பத்தைந்து வருஷமாகச் சொல்ல வேண்டியதை அன்று சொல்லிவிடுவது என்றுதான் போயிருந்தேன். "டேய், அந்த ஆண்டு விழா..." என்று ஆரம்பித்தேன்.

அவன் கையை உயர்த்தித் தடுத்தான். "கிருஷ்ணர் எப்படிடா செத்தாரு?"

"வேடன் அம்பு விட்டு..."

"எங்கடா பட்டுச்சு?"

"கால்ல."

"அப்போ கடைசி சீன்ல நொண்டத்தானே செய்வாரு?" என்றான். சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், இந்தப் பதிலை அவன் அன்று கண்டுபிடித்திருக்க முடியாது. என்றைக்கோ கண்டுபிடித்து, சொல்ல ஆள் வரட்டும் என்று வைத்திருந்திருக்கிறான்.

மகள் புத்தகத்தை முடித்துவிட்டு, மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருந்தாள்.